தைரொயிட் குருதிப் பரிசோதனையும் தைரொக்சின் குளிசையும்

பிரசருக்கோ சீனி வருத்தத்திற்கோ குளிசை போடுபவர் ஒருவரேனும் இல்லாத வீட்டை இன்று நமது கிராமங்களிற் காண்பது அரிது. அந்தக் குளிசைப் பெட்டிகளுட் பலவற்றில் தைரொக்சின் எனப்படும் சிறிய குளிசையும் இப்போது இடம்பிடித்துக்கொண்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பெரிதும் தேவைப்படுகின்றது. பிரசர் கூடினால் என்ன, சீனி கூடினால் என்ன என்பதை யாவரும் ஓரளவு அறிந்துள்ளனர். ஆனால் தைரொயிட் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் படித்தவர்களும் தடுமாறுகின்றனர். எண் கூடியிருந்தால் மருந்தைக் குறைப்பதா, கூட்டுவதா என்பதே பலருக்கு விளங்குவதில்லை.

இந்தத் தடுமாற்றத்தினால் விளையும் தீங்கு சிறிதன்று. அறிக்கையிலுள்ள எண்ணைப் பார்த்துத் தாமாகவே குளிசையை நிறுத்தியவர்கள் உண்டு. பக்கத்து வீட்டாரின் அளவைக் கேட்டுத் தமது அளவை மாற்றியவர்கள் உண்டு. பாமசியில் வேறு பெயருள்ள குளிசையைக் கொடுத்தபோது "இது என்ரை மருந்தில்லை" என்று வாங்காமலே திரும்பி, மாதக்கணக்கில் மருந்தின்றி இருந்தவர்களும் உண்டு. ஆகவே அந்த அறிக்கையை எப்படி வாசிப்பது, குளிசையின் பெயர் மாறினால் எதைக் கவனிப்பது என்னும் இரண்டு விடயங்களும் இங்கு ஆராயப்படுகின்றன. மருந்தின் அளவைத் தீர்மானிப்பது வைத்தியரின் பொறுப்பு. அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்து வைத்திருப்பது நோயாளியின் பொறுப்பாகும்.

சுரப்பியும் அதன் மேலதிகாரியும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போன்ற வடிவில் அமைந்திருப்பது தைரொயிட் சுரப்பி. வளர்ந்தவர்களில் இதன் நிறை ஏறக்குறைய 20 கிராம் ஆகும். உணவின் மூலம் கிடைக்கும் அயடீனைக் கொண்டு இது இரண்டு ஓமோன்களை உண்டாக்குகின்றது. நான்கு அயடீன் அணுக்களைக் கொண்டது தைரொக்சின்; அதனைச் சுருக்கமாக ரி4 என்பர். மூன்று அணுக்களைக் கொண்டது ரி3. சுரப்பி பெருமளவில் வெளிவிடுவது ரி4 ஐயே. அது உடலின் ஏனைய உறுப்புகளில் ஓர் அயடீன் அணுவை இழந்து ரி3 ஆக மாறிய பின்னரே முழு வலிமையுடன் தொழிற்படுகின்றது. இதயத் துடிப்பு, உடற்சூடு, குடலின் அசைவு, மாதவிடாயின் ஒழுங்கு, மூளையின் சுறுசுறுப்பு ஆகிய யாவற்றினதும் வேகம் இந்த ஓமோன்களிற் பெரிதும் தங்கியுள்ளது.

ஓமோன் குறைந்தால் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், நிறை கூடுதல், மறதி என்பன ஏற்படும். கூடினால் நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, நித்திரையின்மை, நிறை குறைதல் என்பன தோன்றும். முதலிற் கூறிய குறிகளை "வயது போனால் அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது நம்மவர் வழக்கம். குருதியைச் சோதிக்கும் வரையில் அது வயதினாலா, சுரப்பியினாலா என்று யாராலும் உறுதியாகக் கூற முடியாது.

தைரொயிட் சுரப்பி தன்னிச்சையாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் கடலையளவிலுள்ள கபச்சுரப்பியே அதன் மேலதிகாரி. அங்கிருந்து வரும் ஓமோனே ரி.எஸ்.எச். என்று அறிக்கையில் முதலாவதாகக் காணப்படுவது. இதனை ஒரு கந்தோர் நடைமுறையோடு ஒப்பிட்டால் இலகுவில் விளங்கும். தலைமையகம் கிளைக் காரியாலயத்திடம் ஒரு விபரம் கேட்கின்றது. கிளை ஒழுங்காகப் பதில் அனுப்பினால் எப்போதாவது ஒரு கடிதம் போதும். கிளை அசமந்தமாக இருந்தால் முதலாம் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், அவசரத் தந்தி என்று கடிதங்கள் குவியும். கிளை கேட்காமலே அளவுக்கு மிஞ்சி அனுப்பினால் தலைமையகம் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிடும். ரி.எஸ்.எச். என்பது அந்த நினைவூட்டற் கடிதங்களின் எண்ணிக்கை. எனவே ரி.எஸ்.எச். கூடியிருந்தால் தைரொயிட் குறைவாக வேலை செய்கின்றது என்றும், ரி.எஸ்.எச். குறைந்திருந்தால் தைரொயிட் ஓமோன் மிகையாக உள்ளது என்றும் பெரும்பாலும் பொருள்படும். "தைரொயிட் 12 க்கு ஏறிவிட்டது, மருந்து கூடிவிட்டதாக்கும்" என்று குளிசையைக் குறைப்பவர் நேரெதிரான காரியத்தைச் செய்கின்றார்.

இந்தத் தலைமையகம் சற்று ஆவேசமானது என்பதையும் கூற வேண்டும். குருதியிலுள்ள ரி4 பாதியாகக் குறையுமானால் ரி.எஸ்.எச். ஏறக்குறைய நூறு மடங்கு வரை உயரக்கூடும். ஆகவேதான் சுரப்பியின் சிறு தளர்ச்சியைக்கூட ரி.எஸ்.எச். முன்கூட்டியே காட்டிவிடுகின்றது. அதே காரணத்தால் அதன் சிறிய ஏற்ற இறக்கங்களுக்குப் பெரிய பொருள் கற்பிக்கவும் கூடாது. சென்ற முறை 2.1 ஆக இருந்தது இம்முறை 3.0 ஆக வந்ததற்காக நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

காகிதத்திலுள்ள எண்கள்

வளர்ந்தவர்களுக்குரிய ரி.எஸ்.எச். அளவாக ஒரு லீற்றருக்கு 0.4 முதல் 4.0 மில்லி அலகுகள் வரை எனப் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் குறிப்பிடுகின்றன. இந்த எல்லை கல்லில் எழுதியதன்று. முதுமையில் ரி.எஸ்.எச். இயல்பாகவே சற்று உயர்கின்றது. எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு 5 அல்லது 6 என்று வந்து, ரி4 சரியாக இருந்தால், அதனைப் பார்த்துக்கொண்டிருப்பதே பல வைத்தியர்களின் முறை. 2017 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் நடந்து முடிந்த ஓர் ஆய்வில், இவ்வாறு ரி.எஸ்.எச். மட்டும் சற்று உயர்ந்திருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரில் ஒரு பகுதியினருக்குத் தைரொக்சினும் மற்றோருக்குப் போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன. களைப்பு முதலிய குறிகளில் இரு பகுதியினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ரி.எஸ்.எச். 10 ஐத் தாண்டினால் நிலைமை வேறு. அப்போது பெரும்பாலும் சிகிச்சை ஆரம்பிக்கப்படும்.

அறிக்கையில் அடுத்ததாக வருவது சுயாதீன ரி4, எப்.ரி.4 என்று அச்சிடப்பட்டிருக்கும். குருதியிலுள்ள தைரொக்சினில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பங்கு புரதங்களுடன் ஒட்டிக்கொண்டிருப்பது. ஒட்டாமல் விடுபட்டிருக்கும் மிகச் சிறிய பங்கே உடலுக்கு உதவுகின்றது. அதனை மட்டும் அளப்பதே இப்பரிசோதனை. மொத்த ரி4 ஐ அளந்தால், கர்ப்பிணிகளிலும் கர்ப்பத்தடைக் குளிசை எடுப்பவர்களிலும் அந்தப் புரதங்கள் கூடியிருப்பதால் எண் வீணாக உயர்ந்து தோன்றும்.

இங்கே ஒரு பொறி உள்ளது. ஓர் ஆய்வுகூடம் சுயாதீன ரி4 ஐ ஒரு லீற்றருக்கு இத்தனை பிக்கோமோல் என்று தரும்; மற்றையது ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை நனோகிராம் என்று தரும். முதலாவதில் 15.4 என்றும் இரண்டாவதில் 1.2 என்றும் வருவது ஒரே அளவுதான். நனோகிராம் கணக்கை 12.87 ஆற் பெருக்கினால் பிக்கோமோல் கணக்கு வந்துவிடும். போன முறை 15 ஆக இருந்தது இப்போது 1.2 க்கு இறங்கிவிட்டது என்று பதறிப்போவோர் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள அலகை வாசிப்பதில்லை. அலகு ஒன்றாக இருந்தாலும் கருவி வேறாக இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் கருவியில் சாதாரண அளவு 12 முதல் 22 பிக்கோமோல் வரை என்றால், வேறொரு நிறுவனத்தின் கருவியில் அது 9 முதல் 19 வரை. நமது சிறு பட்டினங்களிலுள்ள சேகரிப்பு நிலையங்கள் பல குருதியை மட்டும் எடுத்து வேறிடத்துக்கு அனுப்புவதால், எந்த ஆய்வுகூடத்தில் சோதிக்கப்பட்டது என்பதையும் கேட்டறிவது நல்லது. இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்திற் செய்விப்பதே நோயின் போக்கை ஒப்பிட உதவும்.

இரண்டு எண்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ரி.எஸ்.எச். கூடி ரி4 குறைந்திருந்தால் சுரப்பி தளர்ந்துவிட்டது. ரி.எஸ்.எச். கூடி ரி4 சரியாக இருந்தால் தளர்ச்சி தொடங்குகின்றது எனலாம். சில வாரங்களின் பின் மீண்டும் சோதித்தே முடிவு செய்வர், ஏனெனில் ஒரு பகுதியினருக்கு அது தானாகவே சரியாகிவிடுவதுண்டு. ரி.எஸ்.எச். அடியோடு குறைந்து ரி4 கூடியிருந்தால் சுரப்பி மிகையாக வேலை செய்கின்றது, அல்லது குளிசை மிஞ்சிவிட்டது. இரண்டும் குறைந்திருப்பது அரிது. ஆனால் அது கவனிக்க வேண்டியது. அங்கே பழுது கிளையில் அன்று, தலைமையகத்தில். பிரசவத்தின்போது பெருமளவு குருதி இழந்த தாய்மாரில் கபச்சுரப்பி பாதிக்கப்பட்டு இந்நிலை ஏற்படலாம். இவர்களுக்கு ரி.எஸ்.எச். மட்டும் சோதித்தால் யாவும் நலமே என்று தோன்றிவிடும்.

சிலருக்கு ரி.பி.ஓ. பிறபொருளெதிரி என்றொரு பரிசோதனையும் எழுதப்படும். உடலின் பாதுகாப்புப் படையே தன் சொந்தச் சுரப்பியைத் தாக்குகின்றதா என்பதை அது காட்டும். 1912 ஆம் ஆண்டில் ஹக்கரு ஹஷிமொட்டோ என்னும் யப்பானிய வைத்தியர் விபரித்தமையால் இந்நோய்க்கு அவர் பெயரே வழங்குகின்றது. அயடீன் போதியளவு கிடைக்கும் இடங்களில் தைரொயிட் குறைவுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் முன்னர் கண்டமாலை மிகுந்து காணப்பட்டது. 1995 ஆம் ஆண்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதனால் "உப்பைக் கூட்டிச் சாப்பிட்டால் குளிசை தேவையில்லை" என்ற பேச்சு பொருந்தாது; தாக்கப்பட்ட சுரப்பிக்கு அயடீனைக் கூட்டிக் கொடுப்பதால் பயனில்லை, சில வேளைகளில் தீங்கும் உண்டு. இந்தப் பிறபொருளெதிரிப் பரிசோதனையை ஒரு முறை செய்தாற் போதும். ஒவ்வொரு தடவையும் செய்விப்பது பணச்செலவே.

இரத்தம் கொடுக்கும் நாளில்

ரி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்து, பிற்பகலில் தாழ்வது இயல்பு. ஒரே நாளிலேயே பாதியளவு வரையும் வேறுபடலாம். ஆகவே ஒரு முறை காலை ஏழு மணிக்கும் மறுமுறை பின்னேரம் நான்கு மணிக்கும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. காலையில், அன்றைய தைரொக்சின் குளிசையை விழுங்குமுன் கொடுப்பதே சிறந்தது. விழுங்கிய பின் சில மணித்தியாலங்களுக்கு ரி4 உயர்ந்து நிற்கும். இப்பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை. சீனியும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதாயின் அதற்காகவே பட்டினி கேட்கப்படும்.

தலைமுடி கொட்டுகின்றது என்பதற்காகப் பயோட்டின் குளிசை வாங்கி எடுப்பவர்கள் இப்போது அதிகம். தைரொயிட் குறைவின் ஓர் அறிகுறியே முடி உதிர்தல். அதற்கென எடுக்கும் பயோட்டினோ பல ஆய்வுகூடக் கருவிகளை ஏமாற்றி, ரி.எஸ்.எச். ஐக் குறைத்தும் ரி4 ஐக் கூட்டியும் காட்டுகின்றது. சுரப்பி தளர்ந்தவருக்கு மிகையாக வேலை செய்வது போன்ற அறிக்கை வந்துவிடும். ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017 ஆம் ஆண்டில் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் அதனை நிறுத்த வேண்டும். அதிக அளவில் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டு மேலும் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

கடும் காய்ச்சலுடனோ வேறு பெரிய நோயுடனோ வாட்டில் இருக்கும்போது செய்யும் தைரொயிட் பரிசோதனையையும் அப்படியே நம்பக்கூடாது. உடல் தேறிச் சில வாரங்கள் சென்றபின் மறுபடியும் பார்க்க வேண்டும். குளிசையின் அளவை மாற்றிய பின்னர் ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லும் முன் ரி.எஸ்.எச். ஐச் சோதிப்பதும் வீண். தைரொக்சின் உடலிற் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஏழு நாட்கள் எடுக்கும். புதிய அளவு நிலைபெறவும், அதைக் கண்டு கபச்சுரப்பி தன் கடிதங்களைச் சீர்செய்யவும் அத்தனை வாரங்கள் வேண்டும்.

ஒரே மருந்து, பல பெயர்கள்

1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மறே என்னும் வைத்தியர் ஆட்டின் தைரொயிட் சாற்றை ஒரு பெண் நோயாளிக்கு ஊசி மூலம் ஏற்றி வெற்றி கண்டார். 1914 ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் அமெரிக்காவில் எட்வேட் கென்டல் தைரொக்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். இன்று நாம் விழுங்கும் லீவோதைரொக்சின் தொழிற்சாலையிற் செய்யப்படுவது; சுரப்பி தரும் ரி4 உடன் முற்றிலும் ஒத்தது. எல்ட்ரொக்சின், தைரோநோர்ம், யூதைரொக்ஸ் என்பன இந்த ஒரே மருந்தின் வர்த்தகப் பெயர்களுட் சில. பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ளது நிறுவனத்தின் பெயர். சிறிய எழுத்தில் உள்ளதே மருந்தின் பெயர்.

அப்படியாயின் எந்தப் பெயரை வாங்கினாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இக்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற முடியாது. நூறு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குளிசையின் நிறையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே மருந்து. மிகுதி யாவும் லக்ரோசு, மாப்பொருள் போன்ற நிரப்பு பொருட்கள். அந்த நிரப்பு பொருட்கள் மாறினால் குளிசை வயிற்றிற் கரையும் வேகமும் மருந்து உறிஞ்சப்படும் அளவும் சற்று மாறக்கூடும். வேறு பல மருந்துகளில் இச்சிறு மாற்றம் பொருட்டல்ல. தைரொக்சினிலோ 12 மைக்கிரோகிராம் வித்தியாசம்கூட ரி.எஸ்.எச். இற் தெரியவரும். இதனை உணர்ந்தே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 ஆம் ஆண்டில், குளிசையிலுள்ள மருந்து அதன் காலாவதித் திகதிவரை குறிப்பிட்ட அளவின் நூற்றுக்கு 95 முதல் 105 வரையான எல்லைக்குள் இருக்க வேண்டும் என விதியை இறுக்கியது. அதற்கு முன் 90 முதல் 110 வரை இடமளிக்கப்பட்டிருந்தது.

நிறுவனங்கள் தத்தம் பெயரே உயர்ந்தது என்று கூறுவது வியாபாரம். அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சான்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் பெற்றி டொங் என்னும் மருந்தியல் அறிஞர், சிந்த்ரொயிட் என்ற பிரபல மருந்தின் உரிமையாளரான நிறுவனத்தின் பணத்திலேயே அதனை வேறு மூன்று தயாரிப்புகளுடன் ஒப்பிட்டு 1990 இல் ஆய்வை முடித்தார். நான்கும் சமமானவையே என்பது முடிவு. பணம் கொடுத்த நிறுவனம் இம்முடிவை வெளியிட விடவில்லை. 1995 ஜனவரியில் வெளிவரவிருந்த கட்டுரை கடைசி நேரத்தில் மீளப்பெறப்பட்டு, 1997 ஏப்ரலிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் கூடிய விலை கொடுத்துக்கொண்டேயிருந்தனர்.

மறுபக்கமும் உண்டு. நியூசிலாந்தில் 2007 ஆம் ஆண்டில் எல்ட்ரொக்சின் குளிசையின் நிரப்பு பொருட்கள் மாற்றப்பட்டன; குளிசையின் தோற்றமும் மாறியது. மருந்து அதேதான், அளவும் அதேதான். அதற்கு முந்திய 30 ஆண்டுகளில் அம்மருந்து பற்றி 14 முறைப்பாடுகளே வந்திருந்தன. மாற்றத்தின் பின் 18 மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்தன. சோதனைகளில் மருந்தின் அளவிற் குறை காணப்படவில்லை. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எழுப்பிய அச்சமே பெரிதும் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினர்.

ஆனால் 2017 இல் பிரான்சில் நடந்ததை அச்சம் என்று மட்டும் தள்ளிவிட முடியவில்லை. அங்கே ஏறக்குறைய 30 இலட்சம் பேர் எடுத்துவந்த லீவோதைரொக்ஸ் என்னும் குளிசையில் லக்ரோசு நீக்கப்பட்டு மனிற்றோலும் சித்திரிக் அமிலமும் சேர்க்கப்பட்டன. நோக்கம் நல்லதே, மருந்து கெடாமல் நீண்டகாலம் சீராக இருக்க வேண்டும் என்று அரசாங்க மருந்து நிறுவனமே கேட்டிருந்தது. பல்லாயிரக்கணக்கான முறைப்பாடுகள் எழுந்தன. பழைய தயாரிப்பை அவ்வாண்டு ஒக்டோபரில் மீண்டும் தருவிக்க வேண்டியதாயிற்று. இரு தயாரிப்புகளும் சராசரியிற் சமமானவை என்று நிறுவனத்தின் ஆய்வு காட்டியது உண்மை. 2019 இல் அதே தரவுகளைத் திரும்ப ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்கள், ஆளுக்கு ஆள் தனித்தனியே பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டோர் சமமெனக் கொள்ளப்படும் எல்லைக்கு வெளியே நின்றதைச் சுட்டிக்காட்டினர். சராசரி என்பது கூட்டத்துக்கு உரியது. குளிசையை விழுங்குபவர் தனியாள்.

இன்னொரு செய்தியும் நடுநிலையாகக் கூறப்பட வேண்டும். 2022 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பொதுப்பெயர்த் தைரொக்சினை எடுத்த 15,000 க்கும் மேற்பட்டோருள் தயாரிப்பாளரை மாற்றியவர்களும் மாற்றாதவர்களும் ஒப்பிடப்பட்டனர். இரு சாராரிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோரின் ரி.எஸ்.எச். சரியாகவே இருந்தது. ஆகவே பெயர் மாறினால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் நேராது, சிலருக்கு நேரலாம் என்பதே நேர்மையான விடை. அந்தச் சிலருள் தாம் ஒருவரா என்பதை உடலின் உணர்வைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. பெயர் மாறிய நாளைக் குறித்து வைத்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் ரி.எஸ்.எச். பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பொதுப்பெயர் மருந்து என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணம் இந்த நாட்டிற்குப் பொருந்தாத ஒன்று. பேராசிரியர் சேனக்க பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி, மருந்துகளைப் பொதுப்பெயரில் மலிவாகத் தருவிக்கும் வழியை உலகுக்கே காட்டியது இலங்கையிற்றான். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்துகளைப் பதிவுசெய்வதும் கண்காணிப்பதும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கடமையாகும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கிடைத்த பெயரை வாங்கி எடுத்தவர்கள் செய்ததே சரி. பெயர் பார்த்து மருந்தில்லாமல் இருப்பதைவிடப் பெயர் மாறிய மருந்தை எடுப்பது எவ்வளவோ மேல்.

அளவைக் கவனிப்பது பெயரைக் கவனிப்பதிலும் முக்கியமானது. ஒரு பெட்டியில் 50 மைக்கிரோகிராம் என்றிருக்கும், இன்னொன்றில் 0.05 மில்லிகிராம் என்றிருக்கும். இரண்டும் ஒன்றே. 0.1 மில்லிகிராம் என்பது 100 மைக்கிரோகிராம். 50 இல் இரண்டு எடுத்தவருக்கு 100 இன் குளிசை கிடைத்து, பழக்கதோசத்தில் அதிலும் இரண்டை விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும். முதியவர்களில் இவ்வாறு மாதக்கணக்கில் மிஞ்சினால் இதயத்துடிப்பு ஒழுங்கு கெடுவதும் எலும்பு நலிவதும் நேரும். தைரொயிட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு மட்டும் வைத்தியர்கள் வேண்டுமென்றே ரி.எஸ்.எச். ஐத் தாழ்த்தி வைப்பதுண்டு. அவரது அளவு மற்றவருக்கு உதாரணமாகாது.

விழுங்குவதும் வைத்திருப்பதும்

குளிசையின் பெயரைப் பற்றிக் கவலைப்படும் பலர், அதை எதனுடன் விழுங்குகின்றோம் என்பதைச் சிந்திப்பதில்லை. பெயரால் வரும் வித்தியாசத்தைவிட இதனால் வரும் வித்தியாசம் பெரிது. தைரொக்சினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் கழித்தே வேறெதுவும் அருந்த வேண்டும். எழும்பியவுடன் பால் தேத்தண்ணீர் குடிக்காவிட்டால் பொழுது விடியாது என்பது நம்மவர் பழக்கம். அந்தத் தேத்தண்ணீருடனேயே குளிசையையும் போட்டால் மருந்தின் ஒரு பகுதி உறிஞ்சப்படாமற் போகும். கோப்பியும் அவ்வாறே. காலையில் இயலாதவர்கள் வைத்தியரிடம் கேட்டு, இராச்சாப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலத்தின் பின் படுக்கைக்குப் போகுமுன் எடுக்கலாம்.

கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கும் தைரொக்சினுக்கும் இடையில் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். வயிற்றெரிவுக்கு எடுக்கும் மருந்துகளும் உறிஞ்சலைக் குறைக்கும். ரி.எஸ்.எச். திடீரென உயர்ந்துவிட்டதென்று அளவைக் கூட்டுமுன், புதிதாகக் கல்சியம் தொடங்கப்பட்டதா என்று கேட்டால் பல வேளைகளிற் காரணம் அகப்பட்டுவிடும்.

விரத நாட்களில் குளிசையை விடலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. ஒரு நாள் தவறினால் ஒன்றும் ஆகாது. கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் தொடர்ந்து விட்டால் உடலிலுள்ள மருந்து ஏறக்குறைய பாதியாகிவிடும். தண்ணீர் அருந்துவோர் வழமைபோலக் காலையிலும், மாலையில் மட்டும் பால் பழம் எடுப்போர் அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரும் விழுங்கிவிடலாம்.

வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் தைரொக்சினுக்கு ஆகாதவை. காகித உறையிற் போட்டுத் தரப்படும் குளிசைகளை அடுப்படியிலோ யன்னல் ஓரத்திலோ வைத்திருந்தால் அவை வலுவிழக்கும். இறுக மூடும் இருண்ட போத்தலில், வீட்டின் குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். அவுஸ்திரேலியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஒரொக்சின், இயூட்ரொக்சிக் போன்ற குளிசைகள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியவை. கனடாவிலிருந்து வரும் சிந்த்ரொயிட் ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு நிறமுடையது; 50 வெள்ளை, 100 மஞ்சள். 88, 112 போன்ற அளவுகளும் அதில் உண்டு. அன்போடு அனுப்பப்பட்ட பொதி என்பதற்காக அளவு பாராமல் எடுக்கத் தொடங்கக்கூடாது.

இவை யாவற்றையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நான்கு நிரல்களிற் குறித்து வரலாம்: திகதி, குளிசையின் பெயரும் அளவும், ரி.எஸ்.எச்., ரி4 உம் அதன் அலகும். ஐந்து நிமிட வேலை. வைத்தியர் மாறினாலும், வைத்தியசாலை மாறினாலும் அந்தப் பக்கத்தை வாசித்தால் முழு வரலாறும் விளங்கும்.

கர்ப்பிணித் தாய்மார்

தைரொக்சின் எடுக்கும் பெண் கருவுற்றால் காலதாமதம் செய்யக்கூடாது. சிசுவின் சொந்தச் சுரப்பி முதல் மூன்று மாதங்களில் போதியளவு ஓமோன் தருவதில்லை; அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொக்சினே ஆதாரம். அதனால் தாயின் தேவை நான்கில் ஒரு பங்கு முதல் இரண்டில் ஒரு பங்கு வரை கூடும். "கர்ப்பகாலத்தில் எந்தக் குளிசையும் கூடாது" என்று மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டு இதனையும் நிறுத்திவிடுவோர் உண்டு. அது சிசுவுக்குச் செய்யும் பெருந்தீங்கு. மாதவிடாய் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானதுமே, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் சென்று அளவைக் கூட்டுவது பற்றிக் கேட்க வேண்டும். பின்னர் கர்ப்பகாலத்தின் அரைவாசி வரை நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரி.எஸ்.எச். பார்க்கப்படும். இக்காலத்துக்குரிய ரி.எஸ்.எச். எல்லைகள் மற்றவர்களுக்குரியவற்றிலும் தாழ்ந்தவை என்பதால், ஆய்வுகூடக் காகிதத்தில் அச்சிடப்பட்ட பொது எல்லையை வைத்துத் தாமே முடிவு செய்யக்கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் இரும்புச்சத்தும் கல்சியமும் தைரொக்சினைத் தடுப்பவை. தைரொக்சினை விடியற்காலையிலும் மற்றவற்றை மதியத்திலும் இரவிலும் எடுக்கலாம். இந்த ஒன்பது மாதங்களிலும் இயன்றவரை ஒரே பெயருள்ள குளிசையையே எடுப்பது நல்லது. பிரசவம் முடிந்ததும் பெரும்பாலானோர் பழைய அளவுக்குத் திரும்புவர். ஆறு வாரங்களில் மீண்டும் ஒரு ரி.எஸ்.எச். பரிசோதனை செய்யப்படும். பிறந்த குழந்தையின் குதிக்காலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதும் இதே ரி.எஸ்.எச். தான். பிறவியிலேயே சுரப்பி இல்லாத, அல்லது வேலை செய்யாத குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் தைரொக்சின் தொடங்கினால், அது மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து படிக்கும். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புமுன் அந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று தாயோ பேர்த்தியாரோ கேட்டறிந்துகொள்ளலாம்.